கோலசிலாங்கூர்த் தோட்டங்களும் அரசுகளின் பொருளாதாரப் போட்டியும்

உலகமயமாக்கலால் தேசிய அரசுகள் ஒன்றோடொன்று பொருளாதாரப் போட்டியில் இறங்குவது அண்மைக்கால நிகழ்வாகவே பெரிதும் பேசப்படுகிறது. கோலசிலாங்கூரையும் அதனை அடுத்த வட சிலாங்கூர்த் தோட்டங்களையும் நோக்கும்போது, இப்போட்டி இங்கு ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடையது என்பதைக் காண்கிறோம். அன்று போட்டியிட்டவை குடியேற்ற அரசுகள் என்னும் வேறுபாட்டை மறுப்பதற்கில்லை. எனினும், அதன் சுமை எவர்மீது இறங்கியது என்னும் வினாவுக்குரிய விடை பெரிதும் மாறவில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் இரப்பர் விலை சரிந்தபோது, ஏற்றுமதியைக் குறைத்து விலையை உயர்த்தும் ஸ்டீவன்சன் திட்டத்தைப் பிரிட்டிஷ் அரசு 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறைப்படுத்தியது. டச்சு அரசு அதில் சேரவில்லை. நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் சிறுதோட்டக்காரர்கள், உயர்ந்த விலையைக் கண்டு மேலும் கன்றுகளை நட்டனர். இங்கே வெட்டாமல் விட்ட பாலை அங்கே வெட்டி விற்றனர் எனலாம். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த பெருமந்தத்தில் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். போட்டியிட்ட அரசுகள் அனைத்துலக இரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டது 1934-இல்தான்.

1938-இல் நிகழ்ந்தது தனியே நோக்கத்தக்கது. அவ்வாண்டு மே மாதத்தில் ஆடவர் நாட்கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டது. ஜூனில் இந்திய அரசு, மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடைசெய்தது. இதனைக் கங்காணி முறையின் முடிவாக மட்டும் காண்பது போதாது. மலிவான கூலியை நம்பிச் சந்தையில் நின்ற ஓர் அரசுக்கு, ஆள் தந்த அரசு ஆள்தர மறுத்துப் பதிலளித்த அரிய தருணமாகவே நாம் இதனைக் கருதுகிறோம்.

இரப்பரின் இடத்தைப் பின்னாளில் செம்பனை பிடித்தது. மலேசியாவின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீடு, பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியேயால் 1917-இல் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கப்பட்டதாகும். (பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை!) கச்சா எண்ணெய்க்கு ஏற்றுமதி வரி விதித்து, உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளை வளர்த்தது மலேசிய அரசு. 2011-இல் இந்தோனேசியா, சுத்திகரித்த எண்ணெய்க்கான வரியைக் கச்சா எண்ணெய் வரியைவிட வெகுவாகக் குறைத்து, அதே வழியில் மலேசிய ஆலைகளுக்கு நெருக்கடி தந்தது. மலேசியாவும் 23 விழுக்காடாக இருந்த கச்சா எண்ணெய் வரியை, 2013 ஜனவரி முதல் 4.5 முதல் 8.5 விழுக்காடு வரையிலானதாக மாற்றியமைத்தது. வரியில்லா ஏற்றுமதி ஒதுக்கீட்டையும் நீக்கியது.

அதே ஜனவரியில்தான் தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட் குறைந்தபட்ச மாத ஊதியமும் நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாட்டாளிகள் நெடுங்காலம் கேட்டு நின்ற மாதச் சம்பளம் அது. அது வந்தபோது நாட்டின் தோட்டங்களில் குலை வெட்டியோரில் பெரும்பாலோர் தமிழரல்லர். 1984-ஆம் ஆண்டு மேடான் உடன்பாட்டுக்குப் பின் பெருகிவந்த இந்தோனேசியரும் பிற அயல்நாட்டவருமே ஆவர்.