குடலாடையும் மலைக்கோலும்

1991 செப்டம்பரில், ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில், 3,210 மீட்டர் உயரத்தில் பனிக்குள் உறைந்து கிடந்த மனிதனை உலகம் 'ஏட்ஸி' என்றழைக்கிறது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டவன். அவனது செம்புக் கோடரி பற்றியும், 2001இல் இடத்தோளில் கண்டறியப்பட்ட அம்புமுனை பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாத இரு பொருட்கள் உண்டு. ஒன்று, மலைப்புல்லால் முடைந்த ஒரு விரிப்பு. மழைக்கான மேலாடை என்பர் பலர், வெறும் பாய் என்பர் சிலர். மற்றொன்று, செதுக்கி முடிக்கப்படாத, ஆளுயரத்தை மிஞ்சிய யூ மர வில். நாணேறாத அந்த வில்லை அவன் ஊன்றுகோலாகவும் கொண்டிருக்கக்கூடும். அவ்வாறாயின், மலைவேட்டைக்காரன் இன்று கடையில் தேடும் இரண்டும் அவனிடம் இருந்தன.

இத்தேவையின் கணக்கு எளிது, தீர்வுதான் கடினம். செல்லும்போது சுமப்பதைவிடத் திரும்பும்போது சுமப்பது அதிகம், இறைச்சியும் சேர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து மழை நனைக்கிறது, உள்ளிருந்து வியர்வை நனைக்கிறது. ஒன்றைத் தடுத்து மற்றொன்றை வெளியேவிடும் ஆடை வேண்டும். அது பாரமாகவும் இருக்கலாகாது.

இதற்கு மிக நேர்த்தியான விடையைக் கண்டவர்கள் அலூஷியன் தீவுகளின் உனங்கன் மக்களும் அலாஸ்காவின் யூபிக் முதலிய மக்களுமே என்பது என் துணிபு. கடற்சிங்கம், சீல், வால்ரஸ் ஆகியவற்றின் குடலைச் சுரண்டிக் கழுவி, காற்றூதி உலர்த்தி, நீளவாக்கில் பிளந்தால் கிடைக்கும் கண்ணாடி போன்ற பட்டைகளை, விலங்கின் நரம்பிழை கொண்டு பெண்கள் தைத்தனர். தையலுக்குள் புல்லிதழை மடித்து வைப்பதும் உண்டு. நனைந்தால் அது உப்பித் துளையை அடைத்துவிடும். வேட்டைக்காரன் இவ்வாடையின் கீழ்விளிம்பைத் தோற்படகின் வாய்வளையத்தோடு கட்டிக்கொண்டால் மனிதனும் படகும் ஒன்று. சுருட்டினால் ஒரு சிறு பொதி. ஒரு குறை: காய்ந்தால் மொரமொரத்து உடையும், ஈரப்படுத்திய பின்னரே உடுக்கவேண்டும்.

1741இல் பேரிங்கின் பயணம் கொணர்ந்த கடல்நீர்நாய்த் தோல்களின் ஆசையில் ரஷ்ய வணிகர்கள் அத்தீவுகளுக்கு வந்தனர். குடும்பத்தாரைப் பிணையாக வைத்து ஆண்களை வேட்டைக்கு அனுப்பினர். 'கம்லெய்கா' என்று அவர்கள் பெயரிட்டழைத்த குடலாடையை அவர்களும் அணிந்தனர். ஐரோப்பியப் பாணியில் வெட்டிய குடல் மேலங்கிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. மிக அழகானவை அவை. யாருடைய விரல்கள், எத்தகைய நிர்ப்பந்தத்தில் தைத்தன என்பதைக் காட்சிப்பேழையின் குறிப்பட்டை அநேகமாகச் சொல்வதில்லை.

அதே காலப்பகுதியில் ஆல்ப்ஸ் மலையில் கோல் தனக்கொரு வரலாற்றைத் தேடிக்கொண்டது. 1786 ஆகஸ்ட் 8 அன்று மருத்துவர் பக்கார்டுடன் மோன் பிளாங்கின் உச்சியை அடைந்த ழாக் பல்மா, ஷமோய் என்னும் மலைமான் வேட்டையும் ஸ்படிகம் தேடுதலும் தொழிலாகக் கொண்டவர். கயிறில்லை, பனிக்கோடரியில்லை, நீண்ட கோல்களே துணை. ஆஸ்திரிய, பவேரிய வேட்டைக்காரர்கள் இன்றும் ஆளுயரத்தை மீறிய ஹேசல் மரக்கோலை விடவில்லை. இறக்கத்தில் முழங்காலைக் காப்பதும் அது, துப்பாக்கியைத் தாங்குவதும் அது. 1970களில் லெக்கி நிறுவனம் கொணர்ந்த, நீட்டிக் குறைக்கும் உலோகக் கோல் எடையில் வென்றது. ஆயினும் பாறையில் அது எழுப்பும் 'டிங்' ஓசை மானுக்கு எச்சரிக்கை.

ஆடையிலும் இதே சிக்கல்தான். மாக்கின்டாஷ் 1823இல் காப்புரிமை பெற்ற ரப்பர்த் துணி மழையைத் தடுத்தது, வியர்வையையும் சேர்த்தே தடுத்தது. வெயிலில் பிசுபிசுத்தது, நாறவும் செய்தது. 1969இல் பாப் கோர், சூடேற்றிய டெஃப்லான் தண்டை மெல்ல இழுத்துச் சலித்து, வெடுக்கென்று இழுக்க, அது அறுபடாமல் நுண்துளைகளோடு நீண்டது. நீர்த்துளி நுழையாது, நீராவி வெளியேறும். 1976இல் கோர்டெக்ஸ் சந்தைக்கு வந்தது. குடல் செய்துவந்த வேலையை ஆய்வகம் அடைய அத்தனை காலம் பிடித்தது. ஆனால் அந்தப் ஃப்ளோரின் குடும்பத்து வேதிப்பொருட்கள் பல எளிதில் அழிவதில்லை. நீரிலும் உயிர்களின் இரத்தத்திலும் தங்கிவிடுகின்றன. 2022இல் அதே நிறுவனம் பாலிஎதிலீன் சவ்வை அறிமுகப்படுத்தியது. 2025 முதல் கலிஃபோர்னியா பெரும்பாலான ஆடைகளில் அவ்வேதிப்பொருட்களைத் தடைசெய்தது.

அலாஸ்காவில் குடல் தைக்கும் கலையைக் கற்பிக்கும் பட்டறைகள் அண்மை ஆண்டுகளில் நடந்திருக்கின்றன. அங்கே முதலில் கற்றுத்தரப்படுவது தையல் அன்று, குடலைக் கிழியாமல் சுரண்டுவது.