குதிரை வாங்கப் போன ஊர்

ஆவுடையார்கோவில் என்ற பெயரை அறந்தாங்கி பஸ் நிலையத்தில் கேட்டபோது, அது ஊரின் பெயரா, கோயிலின் பெயரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டும் ஒன்றுதான். பழைய பெயர் திருப்பெருந்துறை. கோயில் ஊரின் பெயரை விழுங்கிவிட்டது. ஊர் அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அறந்தாங்கியிலிருந்து தென்கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். மலை இல்லை, மேடுகூட இல்லை. வெள்ளாற்றை ஒட்டிய வெறும் சமநிலம். கிழக்கே சற்றுத் தூரத்தில் கடல். அந்தக் கடல் வழியாகத்தான் அயல்நாட்டுக் குதிரைகள் பாண்டி நாட்டுக்கு வந்து இறங்கின. குதிரைக்காகப் பாண்டியர் வாரி இறைத்த செல்வத்தைப் பற்றி 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவே வியந்து எழுதியிருக்கிறார்.

அவருக்கும் முன்னால், அரசாங்கக் கஜானாப் பணத்துடன் குதிரை வாங்க வந்த மந்திரி ஒருவர் இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். பணம் கோயிலாயிற்று, மந்திரி மாணிக்கவாசகரானார். அரசன் சிறையிட்டான். நரிகள் பரிகளாகிப் போய், இரவில் மறுபடி நரிகளாயின. வைகை பெருகியது.

சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, "அரசன் கோபித்துக்கொண்டதில் என்ன பிசகு, பாட்டி? பணம் அவனுடையதுதானே?" என்று கேட்டேன். பாட்டி சிரிக்கவில்லை. "அதற்குத்தானே அப்பா, சுவாமியே வந்து பிட்டுக்கு மண் சுமந்து முதுகில் அடி வாங்கினார்!" என்றாள். பக்தன் வைத்த கடனுக்குத் தெய்வம் பிரம்படி பட்டது என்ற அந்தக் கணக்கு இன்றுவரை என் மனத்தை விட்டுப் போகவில்லை.

கோயிலுக்குள் நுழைந்தால் 'இல்லை'களே எதிர்ப்படுகின்றன. தெற்கு நோக்கிய சந்நிதி. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. கருவறையில் ஆவுடையார் உண்டு; அதன்மேல் லிங்கம் இல்லை. யோகாம்பாளுக்கும் திருவுருவம் இல்லை. பலகணி வழியே பாதங்களைத்தான் தரிசிக்கிறோம். நைவேத்தியமோ புழுங்கலரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும். சுடச்சுடப் படைக்கல்லில் கொட்டுகிறார்கள். அதிலிருந்து எழும் ஆவிதான் ஆத்மநாதருக்கு அமுது!

உள்ளே இத்தனை வெறுமை. வெளி மண்டபத்திலோ சிற்பி ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள்: மரச்சட்டமும் ஆணியும் கயிறுமாக, கருங்கல் என்றால் நம்ப முடியாது. 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று பழைய ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார்களாம். கல்தானா என்று பார்க்க வெள்ளைக்காரர் ஒருவர் துப்பாக்கியால் சுட்ட ஓட்டை என்று ஒன்றையும் காட்டுவார்கள்.

மாணிக்கவாசகர் 9ஆம் நூற்றாண்டினர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. நாம் வியக்கும் இந்த மண்டபங்களோ பல நூற்றாண்டு பிந்தியவை. அப்படியானால் பாண்டியன் பணத்தை இந்தக் கொடுங்கையில் தேடுவது வீண். பின்னால் வந்தவர்கள் தத்தம் கைப்பொருளையும் உழைப்பையும் கொடுத்து, அந்தப் பழைய பழியைக் கழுவப் பார்த்தார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லைகள் மாறின. தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த ஊர் 1974இல் புதுக்கோட்டை மாவட்டத்தோடு சேர்ந்தது. இப்போது தாலுகா ஆபீசும் உண்டு. உச்சிவேளையில் படைக்கல்லிலிருந்து ஆவி எழுந்தது. பக்கத்தில் நின்ற கிழவர் கைகூப்பினார். எதைப் பார்த்துக் கும்பிடுகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். ஆவி கலைந்துவிட்டது, நானும் கேட்கவில்லை.