மறதியைப் படம் பிடித்த கதை

என் பெரியக்காவுக்கு 76 வயதானபோது ஒரே சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்தாள். முதலில் எல்லோரும் சிரித்தோம். ஒருநாள் கோயிலுக்குப் போனவள், வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். அன்றோடு சிரிப்பு நின்றது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். "மூளையில் இந்த இடம் கொஞ்சம் சுருங்கியிருக்கு" என்றார் டாக்டர். அத்தான் கேட்டது ஒரே கேள்விதான்: "இன்னும் எத்தனை நாளைக்கு இவளுக்கு என்னை அடையாளம் தெரியும்?"

டாக்டரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் இருப்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1901 நவம்பரில், ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் 51 வயதான ஆகுஸ்ட டேட்டர் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்னார். அவரிடம் நாள்தோறும் பேசி, கேள்வியையும் பதிலையும் எழுதி வைத்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர். பிறகு அவர் ம்யூனிக்குக் குடிபெயர்ந்தாலும் அந்த நோயாளியை மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அந்தப் பெண் இறந்ததும் மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள். உள்ளே நூல் சிக்கல் போன்ற முடிச்சுகள். அதே ஆண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை விவரித்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1910-ல் க்ரேப்பலின் தம் பாடநூலில் எழுதிய பிறகுதான் 'அல்சைமர் நோய்' என்ற பெயர் நிலைத்தது.

இதில் ஒரு சங்கடம் பாருங்கள். நோயைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நோயாளி இறந்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பவரின் மூளையைப் பார்க்க அந்தக் காலத்தில் இருந்த வழி கொடுமையானது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி, நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். தலைவலியில் நோயாளி துடித்துப் போவார்.

1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் வந்தது. 1980-களில் எம்.ஆர்.ஐ. பரவலானது. மூளை சுருங்குவதை வலியில்லாமல் பார்க்க முடிந்தது. முக்கியமாக, நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. கடற்குதிரை வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் சுருக்கம் என்பது வெள்ளம் வடிந்த பின் தெரியும் சேதம் மாதிரி. வெள்ளம் வருவதை அது சொல்லாது.

அதைக் காட்டியவர்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்ளங்க், மாத்திஸ் என்ற இருவர். இறந்தவர் மூளையில் படிவைக் காட்டும் தயோஃப்ளேவின் என்ற சாயத்தை மாற்றியமைத்து, உயிருள்ளவர் ரத்தத்தில் செலுத்தத் தகுந்த மருந்தாக்கினார்கள். அதில் சேர்த்த கதிரியக்கக் கார்பன் இருபதே நிமிடத்தில் பாதியாகிவிடும். எனவே தயாரித்த இடத்திலேயே பயன்படுத்த வேண்டும். 2002-ல் ஸ்வீடனின் உப்சாலா நகரில், ஒரு நோயாளியின் மூளையிலிருந்த அமிலாய்டு படிவு அந்த மருந்தைக் கொண்டு முதன்முதலாக பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தது. அல்சைமர் நுண்ணோக்கியில் பார்த்ததை, உயிரோடு இருக்கும்போதே பார்த்தாகிவிட்டது.

2004-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. நல்ல நினைவுள்ளவர்கள், லேசான மறதிக்காரர்கள், நோயாளிகள் என்று சுமார் 800 பேரை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து தெரிந்தது இதுதான்: மறதி தலைகாட்டுவதற்குப் பதினைந்து, இருபது வருடம் முன்பே அமிலாய்டு சேரத் தொடங்குகிறது. ஆனால் அது இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்களும் உண்டு. நோயின் வேகத்தைச் சொல்வதில் கெட்டிக்காரன் இன்னொன்று. அல்சைமர் பார்த்த அந்த முடிச்சுகளில் இருக்கும் டௌ என்ற புரதம். 2020-ல் சான் ஃப்ரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 32 நோயாளிகளின் படங்களை ஒப்பிட்டார்கள். இன்று டௌ எங்கே திரண்டிருக்கிறதோ, நாளை மூளை அங்கேதான் சுருங்குகிறது என்று கண்டார்கள்.

ஆக, அத்தானின் கேள்விக்கு இன்று பாதி பதில் இருக்கிறது. வேகமாகப் போகுமா, மெதுவாகப் போகுமா என்று ஓரளவு சொல்லலாம். நாள் குறித்துத் தர இன்னும் எந்த ஸ்கேனும் இல்லை.

அந்தப் பாதி பதிலால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அக்காவுக்குக் காசிக்குப் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஸ்கேன் எடுத்த வருடம், "உடம்பு கொஞ்சம் தேறட்டும், அடுத்த வருடம் போகலாம்" என்று தள்ளிப் போட்டார் அத்தான். அடுத்த வருடம் போகத்தான் போனார்கள். கங்கைக்கரையில் நின்றுகொண்டு, "இது எந்த ஊர்க் குளம்?" என்று கேட்டாளாம்.

அதைச் சொல்லும்போதெல்லாம் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.