சுழலாத வட்டு

“அண்ணா, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா டேட்டா அப்படியே இருக்குமா?” காட்டாங்குளத்தூரில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடைகளின் அன்றாடக் கேள்வி இது. 1985இல் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக நிற்கும் எஸ்ஆர்எம் இங்கே இருக்கும்வரை கேட்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இன்னும் சிலர் “எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க்” என்றே கேட்பார்கள். கடைக்காரர் திருத்துவதில்லை. என்ன வேண்டும் என்பது அவருக்கு விளங்கிவிடுகிறது. ஆனால் சொல்லை நோண்டுகிறவனுக்கு அந்தத் தொடர் பெருவிருந்து.

‘டிஸ்க்’கிலிருந்து தொடங்கலாம். கிரேக்கத்தில் ‘டிஸ்கோஸ்’ என்றால் விளையாட்டுத் திடலில் எறியும் வட்டு. எறிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பல பிள்ளைகளைப் பெற்றது. உணவு பரிமாறும் ‘டிஷ்’ ஒன்று, எழுதும் மேசையான ‘டெஸ்க்’ இன்னொன்று. தமிழின் ‘வட்டு’ம் கிட்டத்தட்ட இதே வழியில்தான் நடந்திருக்கிறது. அதுவும் ஆட்டக் காய்தான். படிக்காமல் அவையில் பேசுகிறவனுக்குக் கட்டம் கீறாமல் வட்டாடுகிறவனை உவமையாக்குகிறது 401ஆம் குறள். அதே வேரில் வந்த ‘வட்டில்’ உண்ணும் கலமாயிற்று. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், ஆட்டத்தில் தொடங்கிச் சாப்பாட்டில் முடித்திருக்கின்றன. ஆகவே குறுவட்டு, நிலைவட்டு என்று நம்மவர் கணினிக்குச் சொல் ஆக்கியபோது கை தானாகச் சரியான சொல்லின் மேல் விழுந்தது என்பேன். ‘வன்தட்டு’ என்றவர்களையும் குறை சொல்வதற்கில்லை, தட்டும் வட்டம்தானே.

1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் வட்டு இயந்திரத்தில் 24 அங்குலக் குறுக்களவில் 50 தட்டுகள் அடுக்கடுக்காகச் சுழன்றன. அது பிடித்துவைத்தது 50 லட்சம் எழுத்துகள். அவை சுழல மோட்டார் வேண்டும், படிக்கும் முனையை நகர்த்தப் பொறி வேண்டும். வட்டை ஓட்டுகிற அந்த அமைப்புக்குத்தான் ‘டிரைவ்’ என்று பெயர். ‘ஹார்ட்’ பிறகு ஒட்டியது. 1971இல் வளையும் பிளாப்பி வந்த பின்புதான், வளையாததை ‘வன்மையானது’ என்று பிரித்துச் சொல்லும் தேவையே எழுந்தது.

‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்கிற எஸ்எஸ்டியைப் பிரித்துப் பாருங்கள். சூயிங்கம் பட்டை அளவில் ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் நாலைந்து கறுப்புச் சில்லுகள். வட்டு இல்லை, மோட்டார் இல்லை, எதுவும் ஓடுவதில்லை. இருந்தும் டிரைவ். முன்னால் நிற்கும் ‘சாலிட் ஸ்டேட்’ இன்னும் பழைய கதை. வால்வு ரேடியோ காலத்தில் மின்னோட்டம் கண்ணாடிக் குழாயின் வெற்றிடத்தைத் தாண்டிப் பாய்ந்தது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதில் மின்னோட்டம் ஜெர்மானியம் என்ற கெட்டியான படிகத்துக்குள்ளேயே நடந்தது. ‘சாலிட்’ என்றது அதைத்தான். நம் ஊரில் ரேடியோப் பெட்டிக்கே ‘டிரான்சிஸ்டர்’ என்று பெயர் விழுந்தது வேறு கூத்து.

ஆக, இந்த ‘திட’த்துக்கு எதிர் திரவமோ வாயுவோ அல்ல, வெற்றிடம். அந்த வெற்றிடக் குழாய் கணினியைவிட்டுப் போய் அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. எதிரி போன பிறகும் பட்டம் மட்டும் நிற்கிறது. ‘திண்மநிலை இயக்ககம்’ என்று நாம் நேராகப் பெயர்க்கும்போது, பொருளிழந்த இரண்டு சொற்களைச் சுமந்து வருகிறோம். படிக்கிற பிள்ளைக்குத் ‘திண்மம்’ என்றால் உறுதி. கீழே போட்டாலும் உடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். ‘இயக்ககம்’ என்றால் எதை இயக்குகிறது என்று கேட்கும். பதில் இல்லை.

பெயர்ப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. காட்டாங்குளத்தூருக்கு அடுத்த ரயில் நிலையம் மறைமலைநகர். சுவாமி வேதாசலம் என்று இருந்தவர் 1916இல் தம் பெயரை மறைமலையடிகள் ஆக்கிக்கொண்டார். வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள்: எண்ணிப் பார்த்தால் சொல்லுக்குச் சொல். அவர் குடியிருந்த பல்லாவரமும் இதே ரயில் பாதையில்தான். அந்தப் பெயர்ப்பு நிலைத்து, ஒரு நகரத்துக்கே பெயரானது. மறையும் மலையும் தமிழில் உயிரோடு இருக்கும் சொற்கள். தனித்தனியாக எடுத்தாலும் பேசும். ‘மடிக்கணினி’யும் அப்படித்தான் ஊன்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் சொல்லும் பொருளும் ஒரே பையில் மாணவர் கைக்கு வந்தன. எஸ்எஸ்டிக்கு அப்படி ஒரு வாய்ப்பு அமையவில்லை. அது பொருளாகக் கடைக்கு வந்து மூன்றெழுத்தாகவே தங்கிவிட்டது. ஜிஎஸ்டி சாலையை கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்று விரித்து யார் சொல்கிறார்கள்? அந்தச் சாலையோரத்தில் விற்கும் எஸ்எஸ்டியும் அப்படியே.

வாய்தான் கடைசியில் வெல்கிறது. காட்டாங்குளத்தூர் என்ற ஊர்ப் பெயரையே பாருங்கள். குளம் பேச்சில் ‘கொளம்’, குடம் ‘கொடம்’. அந்தப் பேச்சு அரசு ஏட்டிலும் ஏறி, ஊராட்சி ஒன்றியத்தின் பெயர் காட்டாங்கொளத்தூர் என்றே எழுதப்படுகிறது.

எஸ்எஸ்டிக்குத் திரும்பினால், அதன் சில்லுக்குள் இருக்கும் நினைவகத்தின் பெயரான ‘பிளாஷ்’ மட்டும் உண்மையான பெயர். தோஷிபாவில் பூஜியோ மசுவோகா இந்த நினைவகத்தை உருவாக்கினார். ஒரு பெரும் பகுதியை ஒரே அடியில் அழிக்கும் அதன் குணம் கேமராவின் பளிச்சொளியை நினைவூட்ட, உடன் வேலைசெய்த ஷோஜி அரிஇசுமி அந்தப் பெயரைச் சொன்னார். உலகம் அதை அறிந்தது 1984இல்.

புதிதாக வாங்கப் போகிறவருக்கு இவை எல்லாவற்றையும்விடப் பயன்படும் பெயர் ஒன்று உண்டு: 2280. பலகையின் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80. சில மெலிந்த மடிக்கணினிகளில் 2242க்கு மட்டுமே இடம் இருக்கும். அங்கே 80 உட்காராது. இந்தப் பலகை வடிவத்தின் பெயரான ‘எம் டாட் டூ’ என்று எழுதியிருந்தால் போதும் என்றும் நம்பிவிட வேண்டாம். அதே வடிவத்தில் நொடிக்கு 600 மெகாபைட்டைத் தாண்டாத சாட்டா இணைப்பு முறைப் பலகையும் இருக்கிறது, அதைப் போலப் பல மடங்கு வேகத்தில் ஓடும் என்விஎம்ஈ முறைப் பலகையும் இருக்கிறது. சாட்டா மட்டும் ஏற்கும் துளையில் என்விஎம்ஈயைச் செருகினால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. பின்மூடியைக் கழற்றி, பழைய பலகையின் ஒட்டுத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.