தொழில் விபத்து இழப்பீடு: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள்

வேலை செய்யும்போது காயமடைந்த தொழிலாளிக்கும், உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் சட்டப்படி கிடைக்கும் பணமும் சிகிச்சையும் தொழில் விபத்து இழப்பீடு எனப்படும். இதில் தவறு யாருடையது என்ற வழக்குக்கு இடமில்லை. காயம் வேலையால் வந்ததா என்பதே கேள்வி. மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலையில் இந்த உரிமை படிப்படியாகத்தான் வந்தது. ஒருமுறை பின்வாங்கவும் செய்தது.

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் ஆராய்ந்த மலைப்பகுதி இது. 1929-இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பாரத் உள்ளிட்ட பிற தோட்டங்களும் எழுந்தன. காடு வெட்டவும் கன்று நடவும் கொழுந்து கிள்ளவும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களே முதுகெலும்பாக இருந்தனர். காலையில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு மலைச்சரிவு, மாலையில் வரிசைக் குடியிருப்பான லயத்து வீடு என்று நாள் கழியும்.

ஈரச் சரிவில் கால் வழுக்கும். செடிக்கடியில் பாம்பும் குளவியும் இருக்கும். தொழிற்சாலையில் இலையை உருட்டும் ரோலர் கையைக் கவ்வலாம். கொழுந்தைக் கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இயந்திரமும் வந்தபின் ஆபத்து குறையவில்லை, வடிவம் மாறியது. செடி வரிசையின் இருபுறமும் பக்கத்துக்கு ஒருவராக நின்று, இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் நகர வேண்டும். வெட்டுப்பட்ட கொழுந்து பின்னால் தொங்கும் பையில் விழும். ஒருவர் சறுக்கினால் ஓடும் பிளேடு மற்றவர் பக்கம் சாயும்.

தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் அடிபட்டவருக்குத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் கட்டுப் போடுவார். அதற்கு மேல் கிடைப்பது பெரும்பாலும் தோட்ட நிர்வாகியான துரையின் மனதைப் பொறுத்தது.

உலகில் இதற்கு முன்மாதிரிகள் இருந்தன. ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சி 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டன் 1897-இலும், இந்தியா 1923-இலும், இலங்கை 1934-இலும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களை இயற்றின. மலாயாக் கூட்டரசில் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீட்டை முதலாளியின் கடமையாக்கியது. 1954-இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம், தொழிலாளிக்காகப் பேசும் அமைப்பாக நின்றது. ஆனால் பணம் பெரும்பாலும் ஒரே தடவையில் கைக்கு வந்து கரைந்துவிடும். விரலை இழந்தவருக்கு மாதாமாதம் எதுவும் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க 1969-இல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-இல் சொக்சோ என்று தமிழர்கள் சொல்லும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ செயல்படத் தொடங்கியது. முதலாளிகள் கட்டும் சந்தா ஒரு பொது நிதியில் சேரும்; நட்டம் ஒரு தோட்டத்தின் தலையில் மட்டும் விழாது. இன்று தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். இறந்தவரின் குடும்பத்துக்கு 90 விழுக்காடு. மாதம் 1,500 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியவர் என்றால், ஓய்விலிருக்கும் நாளுக்கு ஏறத்தாழ 40 வெள்ளி. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நேரும் விபத்தும் சேரும்.

தமிழ்ப் பிள்ளைகள் படித்து நகரங்களுக்கு இறங்கியபோது, அவர்கள் விட்ட சரிவுகளில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் ஏறினார்கள். 1993 ஏப்ரலில் அரசு அந்நியத் தொழிலாளரை சொக்சோவிலிருந்து விலக்கி, பழைய 1952 சட்டத்தின்கீழ் தள்ளியது. ஒரே இயந்திரத்தை ஒரே வரிசையில் பிடித்த இருவரில் மலேசியருக்கு மாத உதவி. மற்றவருக்கு ஒரே தடவைத் தொகை. விபத்து இழப்பீட்டில் உள்நாட்டவரையும் அந்நியரையும் சமமாக நடத்தச் சொல்லும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1925-ஆம் ஆண்டு 19-ஆவது ஒப்பந்தத்தை 1957-இலேயே ஏற்ற நாடு இது. அந்த அமைப்பு பல ஆண்டுகள் கேள்வி எழுப்பியது.

முன்பு கடல் கடந்து வந்த தமிழருக்குத் துரையின் தயவு எதுவோ, அதுவே புதியவருக்கு அந்தத் தொகை ஆகிவிட்டது எனலாம்.

ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளரும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். அப்போது சம்பளத்தில் 1.25 விழுக்காட்டுச் சந்தாவை முதலாளியே கட்ட வேண்டியிருந்தது. 1952 சட்டம் பின்னர் ரத்தானது.

விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு (எம்.சி.) இருந்தால்தான் தற்காலிக உதவித்தொகை கிடைக்கும். ஆகவே சிறு வெட்டு என்று இலையைக் கசக்கிக் கட்டிக்கொண்டு மறுநாள் பெரட்டுக்கு நிற்பவரின் காயம் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை.