தூரிகையும் கமராவும்



ஓவியர்கள் சினிமாவுக்கு வருவது புதுமையல்ல. சத்யஜித் ரே விளம்பர நிறுவனமொன்றில் படம் வரைந்துகொண்டிருந்தவர். மலையாள நெறியாளர் அரவிந்தன் கேலிச்சித்திரக்காரர். இவர்கள் பின்னர் சினிமாக்காரர்களாகவே அறியப்பட்டார்கள். ஆனால் சினிமாவின் வெளிவாசலில் தொழில் தொடங்கி, ஓவியராகப் புகழ்பெற்று, ஓவியராகவே சினிமாவுக்குள் நுழைந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் மக்பூல் பிதா ஹுஸைன்.

1915இல் மகாராஷ்டிராவின் பண்டரிபுரத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். 1930களில் பம்பாய்க்கு வந்து சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்தார். சதுர அடிக் கணக்கில் கூலி. வீதியால் போகிறவன் ஒரு கணந்தான் நிமிர்ந்து பார்ப்பான்; அதற்குள் அந்த முகம் அவன் மனதில் பதிந்துவிட வேண்டும். அழுத்தமான கோடு, நிறங்களில் சிக்கனம், பெரிய வீச்சு. பின்னாளில் உலகம் வியந்த அவரது குதிரைகளில் நாம் காண்பவையும் இவைதாமே? 1947இல் சூஸா, ரஸா முதலியோரின் முற்போக்கு ஓவியர் குழுவில் அவரும் இணைந்தார்.

1967இல் இந்திய அரசின் திரைப்படப் பிரிவு அவரிடம் கமராவை ஒப்படைத்தது. அப்பிரிவின் செய்திப்படங்கள் என்றாலே இடைவிடாத வர்ணனைக் குரல்தான் நினைவுக்கு வரும். ஹுஸைனோ ராஜஸ்தானுக்குப் போய், ஒரு குடை, ஒரு லாந்தர், ஒரு செருப்பு, கோட்டைச் சுவர், மனித முகங்கள் என்று காட்சிகளை அடுக்கினார். கதை இல்லை, விளக்கவுரை இல்லை, இசை மட்டும் கூட வந்தது. 'ஓர் ஓவியனின் கண்களூடாக' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட அக்குறும்படம் அதே ஆண்டு பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்றது.

அதன் பின் முழுநீளப் படத்துக்கு அவர் வந்தது 2000இல், எண்பத்தைந்து வயதளவில். மாதுரி தீட்சித் நடித்த 'கஜகாமினி' வசூலில் தோற்றது. 2004இல் வந்த 'மீனாக்ஸி'க்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். அதன் பாடலொன்றில் குர்ஆனின் சொற்றொடர் இடம்பெற்றதாகச் சில முஸ்லிம் அமைப்புகள் ஆட்சேபித்தன. ஹுஸைன் படத்தைத் திரையரங்குகளிலிருந்து விலக்கிக்கொண்டார்.

மறுபுறம், 1970களில் அவர் வரைந்த இந்துத் தெய்வங்களின் சித்திரங்களுக்கு எதிராக 1996இல் எழுந்த கிளர்ச்சி அடங்கவேயில்லை. 1998இல் அவரது பம்பாய் வீடு தாக்கப்பட்டது. வழக்குகள் குவிந்தன. 2006இல் அவர் நாட்டை விட்டுச் சென்றார். 2008இல் டில்லி உயர்நீதிமன்றம் அவருக்கெதிரான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் அவர் திரும்பவில்லை. 2010இல் கட்டார் குடியுரிமையை ஏற்றார். 2011 ஜூன் 9இல் லண்டனில் மறைந்து, அந்நாட்டு மண்ணிலேயே அடங்கினார்.

இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது ஒன்றுண்டு. சொல்லே வேண்டாம், பார்த்தால் போதும் என்று 1967இல் காட்டியவர் அவர். அவரது படைப்புகளையோ, பார்க்காதவர்களும் சொற்களால் தீர்த்துக் கட்டினார்கள். அதில் அவரது சொந்தச் சமூகத்துக்கும் பங்கிருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது.

ஒரு சித்திரம் பிடிக்கவில்லையென்றால் அதைச் சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. விசுவாசியின் மனம் நோகும் என்பதும் உண்மையே. அந்த நோவைக் கலைஞனிடம் எடுத்துச் சொல்வது விமர்சனம். அவனது மண்ணைப் பறிப்பது தண்டனை. அதுவும், நீதிமன்றம் விதிக்காத தண்டனை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வந்து குடியமர்ந்த இந்தப் பாலாவியில் வாழும் எனக்கு, அந்தத் தண்டனையின் கனத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. தீர்ப்புச் சாதகமாக வந்த பின்னும் தொண்ணூறு கடந்த ஒரு மனிதர் ஊர் திரும்பவில்லையே, ஏன் என்றும் நான் கேட்கமாட்டேன்.