ஈட்டுக்குப் போன வளையல்

நாவலூரிலே, பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும் கண்ணாடி மாளிகைகள் மின்னுகின்றன. பட்டப் படிப்பில் இருக்கும் பிள்ளை, ஏட்டிலே கற்றதை அத்தகைய இடங்களில் கைப்பழக்கமாக்கிக் கொள்ள வேண்டுமாம். நன்று! ஆனால் பேருந்துக் கட்டணம் எவர் தருவது? இரண்டு மாத அறை வாடகை எவர் தருவது? கூலியில்லாப் பயிற்சியைக் கொடையென்று கொண்டாடுவோர் உளர். பசித்தவனுக்கு விருந்தின் மணத்தை மட்டும் ஈவதும் கொடைதானோ?

இக்கேள்வி இன்று பிறந்ததன்று, தோழர்களே! தாம்பரத்துக்கு வடக்கே, குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டைக்கு வாருங்கள். 1949-இல் சி. இராசம் என்னும் செல்வர், தம் மாளிகையை விற்று அங்கே எம்.ஐ.டி. எனும் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். பறந்து ஓய்ந்த இரண்டு விமானங்களை மாணவர் கண்டறிய அங்கே நிறுத்தி வைத்திருந்தனர். அவற்றின் முன் மெய்ம்மறந்து நின்றவர்களுள் ஒருவர், இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம்.

சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். வீட்டிலோ வழியில்லை. தமக்கையின் பொன் வளையலும் சங்கிலியும் ஈட்டுக்குப் போயின! பின்னர், தாழப் பறந்து தாக்கும் விமானமொன்றை வடிவமைக்கும் பணி அவர் குழுவுக்கு வந்தது. வேலை தேங்கியது கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிடில் உதவித்தொகை நிற்கும் என்றார். அத்தொகையே தம் உயிர்நாடி என்கிறார் கலாம். இரவெல்லாம் வரைபலகையில் குனிந்திருந்து முடித்தார். கண்டிப்பைப் புகழ்வோர் பலர்; நான் நோக்குவது தொகையை. அது இல்லையேல் அந்த வரைபலகை ஏது?

“கைத்தொழில் கற்கத்தானே 1953-இல் குலக்கல்வித் திட்டம் வந்தது, அதை ஏன் எதிர்த்தீர்?” என்பார் இன்றும் உண்டு. அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில்! எதிர்த்தது கையுழைப்பையன்று, பிறப்பே பட்டறையைத் தேர்ந்தெடுப்பதை. 1954-இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது.

1961-இல் தொழிற்பயிற்சியாளர் சட்டம் வந்தது. பொறியியல் பட்டதாரிகள் 1973-இலும், பிற பட்டதாரிகள் 2014-இலும் திருத்தங்களால் உள்ளே வந்தனர். 2019-இல் பட்டப் பயிற்சியாளருக்குக் குறைந்த அளவு மாதம் 9,000 ரூபாய் என்று விதி செய்யப்பட்டது. அதில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கும். மாநிலத்திலோ, 1984-இல் அமைந்த அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் செயல்திட்டங்களுக்கு நிதி தருகிறது. 2022-இல் ‘நான் முதல்வன்’ திட்டம் திறன்பயிற்சியைக் கல்லூரிக்கே கொண்டு வந்தது.

எனினும் நாவலூர்ப் பிள்ளை தவிப்பதேன்? சூது பெயரிலே இருக்கிறது. படிப்போடு இணைந்த தொழிற்பயிற்சியாகப் பதிந்தால் உதவித்தொகை கடமை. ‘இன்டர்ன்ஷிப்’ என்று மட்டும் எழுதிவிட்டால் அச்சட்டம் எட்டாது. வேலை ஒன்றே, எழுத்து வேறு! பதிவையும் பங்குத்தொகையையும் கவனிக்கும் தென்மண்டல வாரியம் தரமணியில் இருக்கிறது. நாவலூரிலிருந்து அதே சாலையில் வடக்கே.